டிசம்பர் தாளும் பின்சீட்டுக் கதவும்

ஜெர்மனி என்ற நாட்டை ஜெர்மனிக்காரர்களைவிட அதிகமாக நம்புகிற ஒரே மனிதர் சிவகாசியில் இருக்கிறார். ஜெர்மனிக்காரர்களுக்காவது எப்போதாவது சொந்த நாட்டின் மேல் ஒரு சந்தேகம் வந்திருக்கும். இவருக்கு வந்ததில்லை. அந்தத் திசைக்குப் போனதில்லை, ஒரு ஜெர்மனிக்காரரையும் நேரில் பார்த்ததில்லை, பாஸ்போர்ட்கூடக் கிடையாது. ஆனால் ஊருக்குள் அவர் பெயர் ‘ஜெர்மன்’. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி.

நான் அவருடைய காலண்டர் பிரஸ்ஸில் புரூஃப் பார்ப்பவள். ராகு காலம், எமகண்டம், கரிநாள் எல்லாம் அதனதன் தேதியில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்துச் சிவப்பு மையில் திருத்துவது என் வேலை. அதனால் அவர் என்னை ‘டீச்சர்’ என்பார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். தமிழ்நாட்டில் நல்ல நேரம் பார்த்து நடந்த எத்தனையோ கல்யாணங்களுக்கு நானும் ஒரு வகையில் பொறுப்பு. சண்டை வந்தால் மட்டும் என்னைத் தேடி வராதீர்கள்.

அண்ணாச்சியின் பக்திக்குக் காரணம் ஓர் அச்சு இயந்திரம். அவருடைய அப்பாவின் தீப்பெட்டித் தொழில் நொடித்துப்போன சமயம், எங்கேயோ ஓடிக் களைத்த பழைய ஜெர்மன் மெஷின் ஒன்றை அண்ணாச்சி வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கினார். இரும்புக்கடைக்குப் போக வேண்டியது வழிதவறி வந்துவிட்டது என்று ஊரே சிரித்ததாம். அந்த ஐப்பசி மழையில் சுற்றுவட்டாரத்து மெஷின்கள் எல்லாம் ஒவ்வொன்றாக மக்கர் செய்ய, இது மட்டும் சளைக்காமல் ஓடி ஊர் ஆர்டரையெல்லாம் அடித்துக் கொடுத்தது. அன்றிலிருந்து அதற்குப் பெயர் ‘பெரியவர்’. செருப்புக் காலோடு பெரியவர் முன்னால் நிற்கக் கூடாது. சத்தமாகப் பேசினால், “பெரியவர் வேலையா இருக்காக, அங்கன போய்ப் பேசுங்க” என்பார்.

ஒருநாள் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “எங்கயோ பனியில நின்னு ஒருத்தன் இந்தத் திருகாணிய முறுக்கிருக்கான் டீச்சர். அவன் மொகம் எனக்குத் தெரியாது, என் மொகம் அவனுக்குத் தெரியாது. சிவகாசியில ஒரு குடும்பம் இதால சோறு திங்கப் போகுதுன்னு அவன் கண்டானா? ஆனாலும் ஒளுங்கா முறுக்கிருக்கான் பாருங்க.”

இதைக் கேட்டு நான் கொஞ்சம் கலங்கிவிட்டேன். அடுத்த நிமிடமே, “இந்த டேபிள் ஏது? ஜெர்மன் இல்லயே?” என்று என் மேசையைத் தட்டிப் பார்த்து எல்லாவற்றையும் கெடுத்தார்.

ஆமாம், தட்டுவது. அதுதான் அவருடைய ஆராய்ச்சிக்கூடம். நடுவிரலை மடக்கி முட்டியால் ஒரு தட்டு. ‘தொம்’ என்று கெட்டியாகச் சத்தம் வந்தால் அது ஜெர்மன் ஜாதி. ‘டொக்’ என்று வந்தால் தகரடப்பா. உலகத்தில் வேறு பிரிவுகள் கிடையாது. இட்லிக் கொப்பரை, டாக்டர் வீட்டு நாற்காலி, பேங்க் கவுண்டர், எதுவும் தப்பாது. மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையைப் பற்றி அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, விசாரித்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி அந்த வீட்டுக் கதவையும் பீரோவையும் விசாரித்திருக்கிறார். பீரோ ‘டொக்’ என்றுவிட்டது. “வேற எடம் பாப்போம்” என்று எழுந்துவிட்டார். பையன் பாவம், கடைசி வரைக்கும் தன் சம்பளம்தான் குறைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பான்.

இப்படிப்பட்டவர் ஓர் ஆடி மாதம் புது ஜெர்மன் கார் வாங்கப்போகிறேன் என்று அறிவித்தால் ஊர் சும்மா இருக்குமா? கார் கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பிரஸ் எதிரே டீக்கடையில் அன்று அண்ணாச்சியின் மச்சான் உட்கார்ந்திருந்தார், மதினியின் உடன்பிறந்த அண்ணன். எம். புதுப்பட்டியில் பட்டாசு ஃபேக்டரி வைத்திருப்பவர். ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஊரில் ‘சங்குசக்கரம்’. பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தார். அது வருவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். ஊர் முழுக்க அண்ணாச்சியை ஜெர்மன் என்று கூப்பிட, இவர் மட்டும் விடாப்பிடியாக ‘மாப்ள’ என்பார்.

“மாப்ள, ஒங்க மெஷினச் செஞ்ச ஜெர்மன்காரன் வேற, இப்ப இருக்க ஜெர்மன்காரன் வேற. இப்ப அவனும் கணக்குப்பிள்ளையப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் காரு செய்றான்.”

“பொறாமையில பேசாதீக மச்சான்.”

“சரி, பந்தயம். நாளைக்கு ஆடிப் பதினெட்டு. அடுத்த ஆடிப் பதினெட்டு சாயங்காலத்துக்குள்ள ஒங்க காரை எஞ் ஜீப்பு கட்டி இளுக்கலைன்னா, நானும் ஒங்கள ஜெர்மன்னு கூப்புடுறேன். இளுத்துட்டா, ஊரே ஒங்களத் தகரடப்பான்னு கூப்புடணும். சம்மதமா?”

டீக்கடையே அண்ணாச்சியைப் பார்த்தது. அவர் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்து, பெஞ்சை ஒரு தட்டுத் தட்டி, “சம்மதம்” என்றார். கையில் வேறு எதுவும் மிஞ்சாத நாளில் அந்த மனிதர் இந்த ஊரில் சம்பாதித்த முதல் சொத்து அந்தப் பெயர். அதைத்தான் அன்று பெஞ்சில் வைத்தார்.

மதுரை ஷோரூமில் முன்கதவை உள்ளும் புறமும் தட்டிப் பார்த்தார். மெத்தென்று ‘தொம்’. கண்ணை மூடிக்கொண்டார். சாமிக்குச் சூடம் காட்டினதுபோல் நின்றார் என்று டிரைவர் மாரியப்பன் பிறகு சொன்னான். அன்று ஆசை தீர முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். மறுநாள் காலையில்தான் முதலாளிக்குரிய பின்சீட்டில் ஏறினார். ஏறியவர், வழக்கம்போல் கதவின் உள்பக்கத்தைத் தட்டினார்.

‘டொக்.’

திரும்பவும் தட்டினார். இறங்கி முன்கதவைத் தட்டினார். மறுபடி பின்கதவு. தெருவில் போனவர்கள் யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிறார்கள் என்று ஓடி வந்தார்கள்.

“ஏலே மாரியப்பா, முன்னாடி மெத்தை வச்சிருக்கான், பின்னாடி பக்கெட்டுப் பிளாஸ்டிக் வச்சிருக்கான்லே!”

“வாங்க வாரவுக முன்சீட்டுலதான ஒக்காந்து பாப்பாக அண்ணாச்சி” என்றான் மாரியப்பன், எதார்த்தமாக.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பானெட்டைத் திறந்தார். அது தானாக எழுந்து நிற்கும் என்று காத்திருந்தார். மாரியப்பன் உள்ளேயிருந்து ஒரு கம்பியை எடுத்து முட்டுக் கொடுத்தான். “பெட்டிக்கடைக்காரன் தட்டிய இப்படித்தானலே தூக்கி நிறுத்துவான்!” அப்புறம் டிக்கி. ஸ்டெப்னி டயர் இருக்க வேண்டிய பள்ளத்தில் ஒரு குட்டிப் பம்ப்பும் ஒரு பாட்டிலும் இருந்தன. பாட்டிலில் என்ன என்று கேட்டதற்கு, பங்சர் ஆனால் டயருக்குள் ஊற்றுகிற பசை என்றான் மாரியப்பன்.

“பசையா? காரு செய்றானா, காலண்டர் ஒட்டுறானா?”

அன்று சாயங்காலம் டீக்கடையில், கார் எப்படி என்று சங்குசக்கரம் கேட்டார். அண்ணாச்சி முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. “இரும்புக் கோட்டை” என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இந்த மனிதர் ஒரு வருடம் முழுக்க ஜெர்மனிக்காகப் பொய் சொல்லப் போகிறார் என்று.

சொன்னார். முன்சீட்டிலேயே போக ஆரம்பித்தார். “டிரைவருக்குச் சமமா ஒக்காந்து போறாக, எம்புட்டுப் பணிவு!” என்று ஊர் புகழ்ந்தது. அந்தப் பக்கெட்டுப் பின்சீட்டு மதினிக்கு வாய்த்தது. ஆயுத பூஜைக்குக் காரை அலங்காரம் செய்தபோது, முன்னாலும் பின்னாலும் பம்பரில் வட்ட வட்டமாகப் பொத்தான் மாதிரி, கிட்டே எது வந்தாலும் எச்சரிக்கிற சென்சார்கள் இருப்பதைப் பார்த்தார்கள். பொட்டு வைப்பதற்கென்றே ஜெர்மன்காரன் விட்ட இடம் என்று நினைத்து, ஒன்று விடாமல் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். கேமராவின் கண்ணுக்குத் திருஷ்டி படக்கூடாதென்று அதற்குக் கூடுதலாக ஓர் உருண்டை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து மாரியப்பன் வண்டியைக் கிளப்பினால், கார் நாலு பக்கமும் மலை நிற்பதுபோல் பீப் பீப் என்று அலறியது, நகர மாட்டேன் என்றது. தெருவே கூடிவிட்டது. கூட்டத்தில் சங்குசக்கரத்தின் தலை தெரிந்ததும் அண்ணாச்சி குரலை உயர்த்தினார்:

“பாத்தீகளா, எலுமிச்சம்பளத்த மிதிக்க மாட்டேங்குது! சாமிக்குப் பயந்த காரு!”

நாலைந்து பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் மதினி பக்கத்துக் கண்ணாடி சரக்கென்று கதவுக்குள் இறங்கிவிட்டது. ஏறவே இல்லை. சிவகாசி பஜார் வழியாக மதினி காருக்குள் குடை பிடித்துக்கொண்டு போனதை நானே என் கண்ணால் பார்த்தேன். கேட்டவர்களிடம், “காத்தோட்டம் வேணும்னு டாக்டர் சொல்லிருக்காரு” என்று அண்ணாச்சி சொன்னார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு இல்லை என்றும், அதைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை என்றும் கேள்வி.

மதுரை சர்வீஸ் சென்டரில் கதவைப் பிரித்த பையன், உடைந்த ஒரு சின்னக் கொக்கியைக் காட்டினான். “முன்னாடி இதை மெட்டல்ல போட்டுட்டிருந்தாங்க சார். இப்ப பிளாஸ்டிக். காஸ்ட் கட்டிங் சார், எல்லா கம்பெனியும் பண்றாங்க.”

“எல்லாரும் பண்றதையே அவனும் பண்ணுனா, அவன் எதுக்குத் தம்பி ஜெர்மன்காரன்?” என்று கேட்டார் அண்ணாச்சி. அந்தப் பையன் கொக்கியை மட்டும் மாற்றிக் கொடுத்தான். அதுவும் பிளாஸ்டிக்தான்.

ஆனாலும் கார் ஓடியது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டார். ஆனி பிறந்ததும் டீக்கடையில் அவர் நடையே மாறிப்போயிற்று. அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் ஒரு யோசனையோடு வந்தார்.

எங்கள் ஊரில் ஆடிப் பதினெட்டன்று அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது வழக்கம். அதைப் பார்த்துத்தான் வியாபாரிகள் ஆர்டர் கொடுப்பார்கள். மதுரை மளிகைக்காரர் ஒருவரின் ஆர்டர் எங்களுக்கு உயிர். அவர் கடை ஆர்டர் ஒன்று வந்தால் சீசன் முழுக்கப் பெரியவருக்கு ஓய்வே இருக்காது. அந்த வருடம் வேறொரு பிரஸ் அவருக்கு விலையைக் குறைத்துச் சொல்லியிருந்தது.

“நாமளும் எறக்கணும் அண்ணாச்சி” என்றார் மேனேஜர். “ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் நல்ல தாளு போடுவோம். அதுக்குக் கீள மட்டத்தாளு. மாதிரி பாக்குறவுக மேல இருக்க தாளத்தான் தடவிப் பாப்பாக. டிசம்பரத் தடவிப் பாத்து ஆர்டர் குடுத்தவுக யாரு இருக்காக?”

அண்ணாச்சி பெரியவர் இருந்த பக்கம் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “ஒண்ணு போட்டுப் பாரு” என்றார். மாதிரிக் காலண்டர் தயாரானது. மேலே தடவினால் பட்டு மாதிரி இருந்தது. என் சிவப்பு மை எழுத்துக்குத்தான், தாளுக்கு இல்லை. 

ஆடிப் பதினெட்டு காலையில் பூஜை முடிந்ததும் மதுரைக்குக் கிளம்பினோம். பந்தயத்தின் கடைசி நாள். சாயங்காலம் வரை ஓடிவிட்டால் போதும். அண்ணாச்சி முன்சீட்டில், நான் பக்கெட்டில், மடியில் மாதிரிக் காலண்டர். மளிகைக்காரர் விரத நாட்களைப் பற்றி ஏதாவது கேட்டால் பதில் சொல்ல என்னையும் கூட்டிப்போனார். எம். புதுப்பட்டி தாண்டியதும் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்புறம் பானெட்டிலிருந்து ஆவி வந்தது, இட்லி வெந்துவிட்டது போல.

மாரியப்பன் கம்பியை முட்டுக் கொடுத்துவிட்டுத் தலையை உள்ளே விட்டான். “தண்ணி போற குளாய் பிளந்திருச்சு அண்ணாச்சி. இதுவும் பிளாஸ்டிக்.”

போயும் போயும் சங்குசக்கரத்தின் ஃபேக்டரிக்குக் கூப்பிடு தூரம். மாரியப்பன் பதறவில்லை. டிக்கியில் ஸ்டெப்னி இருக்க வேண்டிய பள்ளத்திலிருந்து மடித்து வைத்த ஒரு கார் கவரை எடுத்தான். இந்த நாளை எதிர்பார்த்து அண்ணாச்சியே வாங்கி வைத்தது. “மூடிப் போட்டுருவோம். நான் போயி வேற வண்டி பிடிச்சிட்டு வாரேன். சாயங்காலம் வரைக்கும் ஒங்க மச்சான் கண்ணுல படாம இருந்தாப் போதும்.”

காரைப் போர்த்திவிட்டு அவன் போனான். நாங்கள் கருவேல மர நிழலில் நின்றோம். ஃபேக்டரி வேன் ஒன்று கடந்துபோனது. ஜன்னலில் இருந்த பெண்ணொருத்தி, “என்ன அண்ணாச்சி, காரு தூங்குதாக்கும்?” என்று கேட்க, வேனே சிரித்தது.

அப்போது ஆடிக் காற்று ஒன்று மண்ணை வாரிக்கொண்டு வந்தது. என் கையிலிருந்த காலண்டர் புரண்டது. ஜனவரியும் பிப்ரவரியும் விறைப்பாக நின்றன. அதற்கு அடியில் இருந்தவை சடசடவென்று கிழிந்து கிளம்பிவிட்டன. ஆவணியும் புரட்டாசியும் கருவேல முள்ளில் போய்த் தொங்கின. பாவி, நான் மூன்று முறை திருத்திய மகாளய அமாவாசை ஓர் ஆட்டின் வாயில் போய்க்கொண்டிருந்தது.

நான் விழுந்தடித்துப் பொறுக்கினேன். 

“குடுங்க டீச்சர்” என்று அண்ணாச்சி மிச்சக் காலண்டரை வாங்கினார். ஜனவரியைத் தடவினார். டிசம்பரைத் தடவினார். பிறகு கார் கவரை விலக்கி, உள்ளே கையை விட்டு, பிளந்திருந்த குழாயை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார்.

“ஜனவரி முன்சீட்டு, டிசம்பர் பின்சீட்டு” என்றார். “அவனப் போயி வருசம் பூரா திட்டிக்கிட்டுக் கெடந்தேன். நானும் இதத்தான செஞ்சிருக்கேன்? டிசம்பர் மாசம் எவளோ ஒருத்தி, புள்ளைக்குக் காதுகுத்த நாள் பாக்கத் தாளத் தூக்குவா. என் மொகம் அவளுக்குத் தெரியாது. அவ கையில கிளிஞ்சு போகுமே டீச்சர்.”

அவர் கண் கலங்கியிருந்தது. ஆடிக் காற்றுத் தூசி என்று நான் நினைத்துக்கொள்ளவில்லை.

பிறகு செல்போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டார். “மச்சான், ஜீப்ப எடுத்துக்கிட்டு வாங்க. கயிறும் கொண்டாங்க.”

“அண்ணாச்சி, சாயங்காலம் வரைக்கும்தான…” என்றேன் நான்.

“இருக்கட்டும் டீச்சர். பிரஸ்ஸுக்குப் போகணும். வேலை இருக்கு.”

சங்குசக்கரம் வந்தார். அவ்வளவு வேகமாக அந்த ஜீப் வந்து யாரும் பார்த்ததில்லை. கயிற்றைக் கட்டி, வழிநெடுக ஹாரன் அடித்துக்கொண்டே இழுத்தார். திரும்பி வந்த மாரியப்பன் ஸ்டியரிங் பிடிக்க, அண்ணாச்சி பின்சீட்டில் ஏறி என் பக்கத்தில், அந்தப் பக்கெட்டில், நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முதல் ‘டொக்’குக்குப் பிறகு அன்றுதான் அவர் அங்கே உட்கார்ந்தது. ஆடிப் பதினெட்டு ஆனதால் ஒவ்வொரு பிரஸ் வாசலிலும் மாவிலை, சந்தனம், கூட்டம். சாமி ஊர்வலம் மாதிரித்தான் போனோம். ஒருவர் தெரியாமல் கும்பிட்டும்விட்டார்.

பிரஸ் வாசலில் சங்குசக்கரம் ஜீப்பிலிருந்து குதித்துக் கையைத் தூக்குவதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார். “எல்லாரும் கேட்டுக்கோங்க! இன்னையில இருந்து எம் பேரு தகரடப்பா!” சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய் மேனேஜரிடம் மிச்சக் காலண்டரைக் கொடுத்தார். “ஆனா காலண்டரு தகரடப்பா இல்ல. டிசம்பருக்கும் ஜனவரித் தாளப் போடு.”

“மதுரை ஆர்டரு போயிரும் அண்ணாச்சி.”

“போகட்டும்.”

போயிற்று. நிஜமாகவே போயிற்று. அந்த சீசன் முழுக்கச் சின்னச் சின்ன ஆர்டரை வைத்து ஓட்டினோம். பெரியவர் சில மதியங்களில் சும்மா நின்றார். பஜாரில் யாராவது ‘தகரடப்பா’ என்றால் அண்ணாச்சி, “என்னலே?” என்று சிரித்துக்கொண்டே திரும்பினார். எனக்குத்தான் அப்படிக் கூப்பிட்டவர்களின் வீட்டு விசேஷ நாட்களை எல்லாம் கரிநாளாக்கிவிடலாமா என்று இருந்தது. ஆக்கவில்லை, தொழில் தர்மம்.

அந்தக் காலண்டரின் வருடமும் முடியப்போகிற டிசம்பரில் ஒருநாள் ஜீப் சத்தம் கேட்டது. சத்தத்துக்குப் பின்னால் சங்குசக்கரம் வந்தார். கையில் எங்கள் காலண்டர், மதினி அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தது. கொஞ்சம் தாள்தான் மிச்சம் இருந்தது. கடைசித் தாளை விரலால் தடவினார். அட்டையைத் தன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். யாரிடம் கற்றாரோ!

“நம்ம ஃபேக்டரிக்கு இந்த வருசக் காலண்டர வேற எடத்துல அடிச்சேன். ஆடிக் காத்துல ஆவணி முன்னாடியே பொறந்திருச்சு. அடுத்த வருசத்துக்கு எனக்கு இந்தத் தாளுதான் வேணும், வெலை நீங்க சொல்றதுதான்” என்றார். வாசல் வரை போனவர் திரும்பாமலே சொன்னார்: “வாரேன் ஜெர்மன்.”

 அண்ணாச்சி துணியை எடுத்துக்கொண்டு பெரியவரைத் துடைக்கப் போய்விட்டார். வெகுநேரம் துடைத்தார். காலையில்தான் துடைத்திருந்தார்.

காரை அவர் விற்கவில்லை. குழாய் மாற்றி இன்னும் ஓடுகிறது. அதற்குச் ‘சின்னவர்’ என்று பெயர் வைத்திருக்கிறார். “செஞ்சவன் சிக்கனம் பண்ணுனா அவரு என்ன செய்வாரு, பாவம்” என்கிறார். மதினி முன்சீட்டுக்கு வந்துவிட்டார், பின்சீட்டு அண்ணாச்சிக்கு.

இதையெல்லாம் எழுதுகிறேனே, அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஒருநாளும் அவரிடம் நேரில் சொன்னதில்லை. சொன்னால் என் மேசையைத் தட்டுவதுபோல் அந்தச் சொல்லையும் தட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். ‘தொம்’ என்றுதான் கேட்கும்.